புலி பார்க்கப் போனோம், தாப்பிர் வந்தது

தாமான் நெகாராவுக்குப் போகப் போகிறேன் என்று சொன்னதும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, “அங்க பெரியவரு இருக்காரா?” என்பதுதான்.

பெரியவர் என்றால் புலி. பாட்டிக்கு இப்போது 78 வயது. ரவூப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, அங்கேயே கல்யாணமாகி, ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர். இருட்டு விலகும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன அந்தக் காலத்தில், ‘புலி’ என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்களாம். சொன்னால் வந்துவிடும் என்று பயம். தீம்பாருக்குப் போகிற வழியில் ஈர மண்ணில் தடம் கிடந்தால், “ராத்திரி பெரியவரு வந்துட்டுப் போயிருக்காரு” என்று யாராவது மெதுவாகச் சொல்வார்கள். அன்றைக்குக் காட்டோரத்து நிரைகளுக்குக் கங்காணி யாரையும் தனியாக அனுப்பமாட்டார். ஒரு முறை லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த ஆடு ஒன்று கயிற்றோடு காணாமல் போனது.

இத்தனைக்கும் பாட்டி புலியை நேரில் பார்த்ததே இல்லை. பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே பல ஆண்டுகள் வேலைக்குப் போய் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் வேறொரு வகையிலும் புலி இருந்தது. தாத்தாவின் தங்கச் சங்கிலியில் தொங்கிய புலிநகம். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிறை போல வளைந்து, மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். அடியில் தங்கப் பூண். தாத்தா இறந்த பிறகு அம்மா அதைப் பட்டுத்துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருந்தார். அடுத்த ஆண்டு நடக்கவிருக்கும் கல்யாணத்தில் அண்ணன் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. தாத்தாவே மேடையில் நிற்பது போல இருக்குமாம்.

இந்தச் சங்கிலிக்குப் பிறகு வருகிறேன். முதலில் பயணம்.

செம்பனைக்கு நடுவே ஒரு சாலை

நாங்கள் மூன்று பேர். நானும், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த என் அறைத்தோழியும், கிளந்தானிலிருந்து வந்து எங்களோடு படிக்கும் மலாய்த் தோழியும். மூவரும் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. ஆகஸ்டு மாத விடுமுறையில் ஒரு வாரம் கிடைத்தது. கையிலிருந்த பணத்துக்கு லங்காவியும் கட்டுப்படியாகவில்லை, பேங்காக்கும் கட்டுப்படியாகவில்லை. “உள்நாட்டிலேயே புலி இருக்கிறதே!” என்று அறைத்தோழி சொன்னாள். அவளுடைய அண்ணன் போன ஆண்டு தமிழ்நாட்டில் முதுமலைக்குப் போய்விட்டு வந்து, வாகனத்தில் உட்கார்ந்தபடியே புலியைப் படம்பிடித்ததாகக் காட்டியிருந்தார். அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது? எங்கள் கணக்கு அப்படித்தான் ஓடியது.

கோலாலம்பூரிலிருந்து ஜெராண்டுட் வரை பேருந்து. அங்கிருந்து கோல தஹானுக்கு வேன். இந்த இரண்டாவது பயணத்தில் ஒன்றரை மணி நேரம் போல சன்னலுக்கு வெளியே நாங்கள் அதிகம் பார்த்தது செம்பனை. மேட்டிலும் பள்ளத்திலும், வரிசை பிசகாமல் செம்பனை. “காடு எப்போ வரும்?” என்று தோழி கேட்டுக்கொண்டே வந்தாள்.

இது எல்லாமே ஒரு காலத்தில் காடுதான். தீபகற்ப மலேசியாவின் பெரும்பகுதி அப்படித்தான் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கித்தாவுக்காகவும், பிறகு செம்பனைக்காகவும் அழிக்கப்பட்டது. அந்த நிலத்தில் வேலை செய்யக் கப்பலேறி வந்தவர்களில் என் கொள்ளுத் தாத்தாவும் ஒருவர். பள்ளியில் வரலாறு படிக்கும்போது தோட்டத் தமிழர்களின் வியர்வையைப் பற்றி மேடைப்பேச்சுப் போட்டியில் மூச்சுவிடாமல் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். அந்த வியர்வை சிந்தப்பட்ட இடத்தில் அதற்கு முன் யார் இருந்தார்கள் என்று ஒரு வரிகூட என் பேச்சில் இருந்ததில்லை. காட்டை அழிக்க முடிவெடுத்தது என் கொள்ளுத் தாத்தா இல்லை. அவருக்கு அன்றாடக் கூலியே பெரும்பாடு. ஆனாலும் பாட்டியின் லயத்து ஆட்டைத் தூக்கிக்கொண்டு போன ‘பெரியவர்’, யாருடைய வீட்டுக்குள் யார் வந்தார்கள் என்பதில் வேறு கணக்கு வைத்திருந்திருக்கலாம்.

கோல தஹான் ஒரு சிற்றூர். தேநீர் நிறத்தில் ஓடும் தெம்பலிங் ஆறு. ஆற்றின் மேலேயே மிதக்கும் உணவுக்கடைகள். எதிர்க்கரையில் பூங்கா. சிறு படகில் இரண்டு நிமிடத்தில் அக்கரை சேர்ந்துவிடலாம். இக்கரையில் நாசி கோரெங் வாசமும் மோட்டார் சைக்கிள் சத்தமும், அக்கரையில் சுவர் போல எழுந்து நிற்கும் மரங்களும்.

பூங்காவின் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் வாசகர்களுக்காகச் சொன்னால், ஏறக்குறைய ஆறு சிங்கப்பூர்கள். பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் விரிந்து கிடக்கிறது. 1938-39இல் அந்த மூன்று மாநிலச் சுல்தான்களும் நிலத்தை ஒதுக்கிக் கொடுத்து, மறைந்த பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பெயரில் தொடங்கியது. இப்படியொரு பூங்கா வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியவர் தியோடர் ஹுப்பாக். அவரே முன்னாளில் பெரிய வேட்டைக்காரர் என்பது எனக்குப் பிடித்த தகவல். மனிதர்கள் மாறுவதுண்டு.

புலியை எப்படி எண்ணுகிறார்கள்?

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அந்த ஊர்க்காரர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் அபாங் என்று கூப்பிட்டோம்; அவர் எங்களை டிக் என்றார். முதல் நாள் புக்கிட் தெரேசெக் மேட்டில் ஏறும்போதே அறைத்தோழி கேட்டுவிட்டாள்: “அபாங், ஹரிமாவைப் பார்க்க முடியுமா?”

அவர் நின்றார். “காட்டுக்குள்ள அந்தப் பேரைச் சொல்லாதீங்க, டிக். பாக் பெலாங்னு சொல்லுங்க” என்றார். கோடு போட்ட ஐயா என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் சிலிர்ப்பும். ரவூப் பக்கத்துத் தமிழ்ப் பாட்டியும் கோல தஹான் மலாய்க்காரரும் ஒரே இலக்கணம் வைத்திருக்கிறார்கள்.

பதினெட்டு ஆண்டுகளாக வழிகாட்டி வேலை பார்க்கும் அவர், பாக் பெலாங்கை நேரில் பார்த்தது இரண்டே முறை. இரண்டாவது முறை பார்த்தது வாலை மட்டும்.

அங்கேயே நாங்கள் புரிந்துகொண்டிருக்க வேண்டும். இந்தியக் காடுகள் பலவற்றில் கோடையில் இலை உதிர்ந்துவிடும். புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாக மேயும். அவற்றை நம்பிப் புலிகளும் அதிகம். 2022 கணக்கெடுப்பில் இந்தியாவின் புலிகள் 3,682 என்று மதிப்பிட்டார்கள். நம்முடையது மழைக்காடு. ஆண்டு முழுவதும் இலை. இருபது அடிக்கு அப்பால் நிற்கும் யானையே தெரியாது. உண்ணத் தகுந்த புல் தரையில் குறைவு, அதனால் மான்களும் குறைவு, அதனால் ஒரு புலிக்குத் தேவைப்படும் இடம் அதிகம். முதுமலைக் காணொளியை வைத்து நாங்கள் போட்ட கணக்கு அடிப்படையிலேயே தப்பு.

பிறகு எப்படி எண்ணுகிறார்கள்? இங்கே எங்கள் பாடம் உதவிக்கு வந்தது. முதலாம் ஆண்டில் ஒரு கணக்குப் படித்தோம். ஒரு குளத்தில் எத்தனை மீன்கள் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். 40 மீன்களைப் பிடித்து அடையாளமிட்டுத் திரும்ப விடுகிறீர்கள். சில நாள் கழித்து 50 மீன்களைப் பிடிக்கிறீர்கள். அவற்றில் 10 மீன்களுக்கு அடையாளம் இருக்கிறது, அதாவது ஐந்தில் ஒன்று. அப்படியானால் முதலில் அடையாளமிட்ட 40 மீன்களும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும். குளத்தில் சுமார் 200 மீன்கள்.

புலிக்கு யாரும் அடையாளமிட வேண்டியதில்லை. அது பிறக்கும்போதே அடையாளத்தோடு பிறக்கிறது. நம் கைரேகை போல, ஒரு புலியின் கோடுகள் இன்னொன்றுக்கு வராது. அதன் இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும்கூட வேறு வேறு. அதனால்தான் விலங்குகள் நடக்கும் தடங்களில், எதிரும் புதிருமாக இரண்டு தானியங்கிக் கேமராக்களை மரத்தில் கட்டுகிறார்கள். நடக்கும் உடம்பின் சூட்டை உணர்ந்து கேமரா தானே படம் எடுக்கும். எந்தப் புலி எந்த இடத்தில் எத்தனை முறை மறுபடி சிக்கியது என்பதை வைத்து, மேலே சொன்ன மீன் கணக்கின் இன்னும் நுணுக்கமான வடிவத்தைப் போடுகிறார்கள்.

நம் நாட்டின் முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு இப்படித்தான் 2016 முதல் 2020 வரை நடந்தது. விடை: 150க்கும் குறைவு.

2008இல் அரசு வெளியிட்ட தேசியப் புலிப் பாதுகாப்புத் திட்டத்தில் ஓர் இலக்கு இருந்தது. 2020க்குள் 1,000 புலிகள். இலக்கு 1,000, விடை 150க்கும் கீழே. 1950களில் 3,000 புலிகள் வரை இருந்திருக்கலாம் என்று ஒரு பழைய மதிப்பீடு உண்டு. அன்றைக்குக் கேமரா ஏது? அது ஊகம்தான் என்று என் விரிவுரையாளர் முகம் சுளிப்பார். அதைத் தள்ளிவிட்டாலும் இந்தச் சரிவை விளக்கப் பெரிய சூத்திரம் எதுவும் தேவையில்லை. நாட்டின் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காற்பந்து அணிக்குப் பெயர் ஹரிமாவ் மலாயா. தீபகற்பம் முழுவதும் சேர்த்து, உயிரோடு நடமாடும் புலிகள் நான்கு பேருந்துகளில் உள்ள இருக்கைகளை நிரப்பாது.

கூம்பாங் குடிலில் ஓர் இரவு

இரண்டாம் நாள் தெம்பலிங் ஆற்றில் படகேறினோம். நீளமான, ஒடுங்கிய மரப்படகு. வழியில் பாறைகளுக்கு நடுவே நீர் வேகமெடுக்கும் இடங்களில் தண்ணீர் உள்ளே வந்து மூவரும் நனைந்தோம். கோல திரெங்கான் என்ற இடத்தில் இறங்கி முக்கால் மணி நேர நடை. அட்டைகள் இலை நுனியில் எழுந்து நின்று எங்களை வரவேற்றன. காலுறைக்குள் மூன்று, முழங்காலுக்குப் பின்னால் ஒன்று. கிளந்தான் தோழி முதல் அட்டைக்கு அலறினாள். ஐந்தாவதுக்குச் சும்மா தட்டிவிட்டு நடந்தாள்.

பும்புன் கூம்பாங் என்பது மரக்கால்கள் மேல் உயரமாகக் கட்டிய ஒரு குடில். உள்ளே பலகைக் கட்டில்கள். ஒரு பக்கம் முழுவதும் நீளச் சன்னல். மின்சாரம் கிடையாது. கைப்பேசிக்கு அலைவரிசையும் இல்லை. சன்னலுக்கு எதிரே மரங்கள் விலகிய ஒரு திறந்த வெளி. அதன் நடுவே இருப்பதுதான் ஜெனுட், அதாவது உப்புச் சத்துள்ள நீரும் சேறும் கசியும் இடம். இலை தழை தின்னும் விலங்குகளுக்கு உணவில் உப்பு போதாது. அதைத் தேடி இங்கே வரும். அவற்றைத் தேடி மற்றவை வரும். கூம்பாங் என்றால் மலாயில் வண்டு. ஹரிமாவ் கூம்பாங் என்றால் கருஞ்சிறுத்தை. நம் தீபகற்பத்துச் சிறுத்தைகளில் மிகப் பெரும்பாலானவை கறுப்புதான் என்று அபாங் சொன்னார்.

விதிமுறை எளிது. பேசக்கூடாது, வாசனைத் தைலம் பூசக்கூடாது, வெளியே விளக்கை அடித்துக்கொண்டே இருக்கக்கூடாது. சாப்பாட்டுப் பொட்டலத்தை உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும், எலிகள் வரும்.

ஆறரை மணிக்குச் சில்வண்டுகள் ஒரே சுருதியில் கத்தத் தொடங்கின. ஏழரைக்குள் கறுப்பு. நகரத்தில் வளர்ந்த எனக்கு அப்படி ஓர் இருட்டு தெரியாது. கையை முகத்துக்கு முன் நீட்டினால் கை இல்லை. முறை வைத்துக் காவல் இருந்தோம். என் முறை இரவு இரண்டு முதல் மூன்று வரை.

இருபது வயதில் ஒரு மணி நேரம் கைப்பேசி இல்லாமல், பேச்சில்லாமல், அசையாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் இருபது நிமிடங்கள் எனக்குள்ளேயே சத்தம். தேர்வு முடிவு, கடன்பாக்கி, அனுப்பாத குறுஞ்செய்தி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தம் கேட்கத் தொடங்கியது. இலையிலிருந்து சொட்டும் நீர். எங்கோ ஒரு கிளை முறிவது. பாட்டி நினைவுக்கு வந்தார். இந்த இருட்டில்தானே, தலையில் ஒற்றை விளக்கோடு, ஒவ்வொரு மரமாக நின்று பட்டை சீவியிருக்கிறார்? நான் இருப்பது உயரத்தில், நான்கு சுவருக்குள். அவருக்குக் கையில் கத்தியும் வாளியும்தான்.

2.40 இருக்கும். சேற்றில் ‘ளப்... ளப்’ என்று ஒரு சத்தம். கனமான எதுவோ காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடக்கிறது. அபாங்கின் தோளைத் தொட்டேன். அவர் சிவப்புத் தாள் ஒட்டிய விளக்கை மெதுவாக உயர்த்தினார்.

பாதி வெள்ளை மிதந்து வந்தது. முன்பாதியும் கால்களும் இருட்டோடு இருட்டாகிவிட, நடுவில் சேணம் போட்டது போல வெளிறிய முதுகும் வயிறும் மட்டும். தாப்பிர். குட்டையான தும்பிக்கை போன்ற மூக்கைச் சேற்றில் வைத்து உறிஞ்சியது. அதன் மூச்சுக்கூடக் கேட்டது. பதினைந்து நிமிடங்கள் போல அங்கேயே நின்றது. ஒரே ஒரு முறை தலையைத் தூக்கிக் காட்டோரத்தைப் பார்த்துக் காதை ஆட்டியது. நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதே திசையைப் பார்த்தோம்.

ஒன்றும் வரவில்லை. தாப்பிர் மறுபடி குனிந்து குடித்துவிட்டு, வந்த வழியே போனது.

பதினெட்டு நகங்கள்

காலையில் குவாங் பறவையின் கூவல் மலையிலிருந்து கேட்டது. அபாங் கீழே இறங்கி ஜெனுட்டைச் சுற்றித் தடம் பார்த்தார். தாப்பிரின் தடம், பன்றியின் பழைய தடம், சற்றுத் தள்ளி யானையின் காய்ந்த சாணம். முன்பெல்லாம் ருசா மான், நம் தமிழில் கடமான், இங்கே வரும் என்றும் இப்போது அரிதாகிவிட்டது என்றும் சொன்னார். புலியின் முக்கிய உணவே கடமானும் காட்டுப்பன்றியும்தான். மானை மனிதர்கள் தின்றுவிட்டார்கள். பன்றிக்கு வேறொரு கேடு. 2021இல் நம் நாட்டுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், பண்ணைகளோடு நில்லாமல் காட்டுப்பன்றிகளையும் கொன்றது. புலியை யாரும் தொடாமல் விட்டாலும் அது தின்ன என்ன இருக்கிறது?

தொடாமலும் விடவில்லை. தேநீர் போட்டுக்கொண்டே அபாங் கண்ணி வலையைப் பற்றிச் சொன்னார். வலை என்று பெயர்தானே தவிர, வெறும் கம்பி வடம். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி போன்றதே போதும். வளைத்த மரக்கொம்பில் கட்டி, இலையால் மூடி, விலங்குப் பாதையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. யார் கால் வைத்தாலும் சுருக்கு இறுகும். புலி, மான், கரடி என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது. வைத்தவன் ஒரு வாரம் கழித்து வருவான், வராமலும் போவான். இழுக்க இழுக்கக் கம்பி எலும்பு வரை இறங்கும். வெளிநாட்டிலிருந்து வந்து மாதக்கணக்கில் காட்டுக்குள்ளேயே தங்கி வேட்டையாடும் கும்பல்களும் பிடிபட்டிருக்கின்றன.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களையும், காட்டை உள்ளங்கையாக அறிந்த பூர்வகுடியினரையும் ரோந்துக்குச் சேர்த்திருக்கிறார்கள். 2022இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டு, உச்ச அபராதம் பத்து இலட்சம் ரிங்கிட் வரையும், சிறை 15 ஆண்டு வரையும் உயர்ந்தது. 2023இல் தாமான் நெகாராவை ஒட்டி, சுமார் 134,000 ஹெக்டரில் அல்-சுல்தான் அப்துல்லா அரசப் புலிக் காப்பகத்தைப் பகாங் மாநிலம் அறிவித்தது.

“எல்லாம் நல்லதுதான், டிக். ஆனா வாங்குறவங்க இருக்கும்வரை விக்கிறவன் வருவான்” என்றார் அபாங். “என்கிட்டயே கேப்பாங்க. பல்லு கிடைக்குமா, நகம் கிடைக்குமானு. படிச்சவங்கதான் கேக்குறாங்க.”

என் கையிலிருந்த தேநீர்க் குவளை கொஞ்சம் கனத்தது. சொல்லவா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, தாத்தாவுடையது, மிகப் பழையது என்று.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். “முன்காலா, பின்காலா?” என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்த பொருள். அதற்கு ஒரு கால் இருந்தது என்றே நான் நினைத்ததில்லை. அவர் விரல்விட்டுக் காட்டினார். முன்காலில் ஐந்து ஐந்து, பின்காலில் நான்கு நான்கு. ஒரு புலிக்குப் பதினெட்டு நகங்கள். முன்கால் நகம் பெரியது.

படகில் திரும்பும்போது மனம் தானாகவே பெருக்கிப் பார்த்தது. 150 புலிகள் என்றே வைத்துக்கொண்டாலும் 2,700 நகங்கள். நம் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் ஒரே நாளில் வந்து சாப்பிட்டுப் போகிறவர்களை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான். நம் சமூகத்தில் எத்தனை கழுத்துகளில் இது தொங்குகிறது? வீரத்துக்கு, கண்ணேறு படாமல் இருக்க, குழந்தை பயப்படாமல் இருக்க என்று எத்தனை காரணங்கள்! சங்க காலத்திலேயே பிள்ளைகளுக்குப் புலிப்பல் கோத்த தாலி அணிவித்திருக்கிறார்கள் என்று ஆறாம் படிவத்தில் இலக்கிய ஆசிரியை பெருமையாகச் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்துக் காடும் வேறு, புலிகளின் எண்ணிக்கையும் வேறு. விற்கப்படும் நகங்களில் பல கொம்பையோ குளம்பையோ செதுக்கிய போலிகள் என்கிறார்கள். போலியை வாங்குகிறவரும் அசல் என்று நம்பித்தானே வாங்குகிறார்?

சட்டமும் இதில் தெளிவு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. சிறப்பு அனுமதி இல்லாமல் அதன் உறுப்பு எதையும் வைத்திருப்பது குற்றம். நகத்துக்குத் தங்கப் பூண் கட்டியதால் அது நகையாகிவிடாது.

வீட்டில்

வீட்டுக்கு வந்து சொன்னபோது எதிர்பார்த்தபடியே சண்டை. “தாத்தா ஞாபகமா இருக்கிறது அது ஒண்ணுதான். செத்துப்போன புலிக்கு இனிமே என்ன?” என்றார் அம்மா. அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. செத்துப்போன புலிக்கு ஒன்றுமில்லைதான். அண்ணன்தான் வாயைத் திறந்தார். “கல்யாணத்துக்கு ஐந்நூறு பேர் வருவாங்க. ஐந்நூறு பேரும் படம் எடுப்பாங்க. எங்க வாங்கினீங்கனு அதுல பத்துப் பேராச்சும் கேப்பாங்க. நான் என்ன சொல்ல?”

இந்தக் கட்டுரை உங்கள் கைக்கு வரும் முன்பே, பத்தரிடம் கொடுத்துப் பூணைக் கழற்றிவிட்டு, அப்பா அந்த நகத்தை வனவிலங்குத் துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார். தங்கம் அண்ணனின் மோதிரமாகிறது. அம்மா என்னோடு முழுதாகச் சமாதானமாகிவிட்டார் என்று சொல்லமாட்டேன்.

அதற்கு முந்தின இரவு, பாட்டி அந்தச் சங்கிலியைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்புரையால் இப்போது அவருக்குப் பார்வை மங்கல். விரலால் நகத்தின் வளைவைத் தடவிக்கொண்டே, “பெரியவரப் பாத்தியா, ஆயி?” என்று கேட்டார்.

“இல்ல, பாட்டி. தாப்பிர்தான் வந்துச்சு.”

“இருக்காரா?”

“இருக்காருனுதான் சொல்றாங்க. ரொம்பக் கொஞ்சம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நான் கேட்டேன்: “பாட்டி, தாத்தா இத எங்க வாங்கினாரு?”

“ரவூப் டவுன்ல, ஒரு கடையில. சம்பளத்தன்னிக்கு நானும் கூடப் போனேன்” என்றார். “கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு தட்டு நெறைய வச்சிருந்தான், ஆயி. நாங்க ஒண்ணுதான் எடுத்தோம்.”